ஐம்பதுக்குப் பின் மீண்டும் அசையும் உடல்: தோர்ண்டன் ஹீத் தமிழரை முன்வைத்து ஓர் ஆய்வு

தோர்ண்டன் ஹீத் பாண்ட் என்று பெயர் பெற்ற சந்திப்பில் இன்று குளம் எதுவும் இல்லை. தென் லண்டனில், குரோய்டனை நோக்கிப் போகும் லண்டன் ரோட்டில் அது ஒரு போக்குவரத்து வட்டம். பக்கத்தில், முன்பு டிராம்கள் நின்ற இடத்தில், பஸ் பணிமனை இருக்கிறது. உடல் அசைவுக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் எண்களாக முதலில் பார்த்தது இத்தகைய லண்டன் பணிமனைகளின் தொழிலாளர்களிடம்தான்.

ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே பஸ், ஒரே பாதை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ மாடிப் பஸ்ஸில் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்தியே வந்தது. உயிரைப் பறிப்பதும் குறைந்திருந்தது.

ஒல்லியானவர்கள்தான் நடத்துநர் வேலையைத் தேடிப் போனார்களோ என்ற ஐயத்தையும் மோரிஸ் குழு விட்டுவிடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளைத் திரட்டி 1956இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இளவயது ஓட்டுநர்களிடமே இடுப்பு பெரிதாக இருந்தது தெரிய வந்தது. அசைவதால் நலமா, நலமாக இருப்பதால் அசைகிறார்களா என்ற அந்தக் கேள்வி, பின்னால் வந்த ஒவ்வோர் ஆய்வையும் எடைபோடும் அளவுகோலாக நிற்கிறது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

இன்று அந்தப் பணிமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் கடைகள், உணவகங்கள், நகைக்கடைகள். சிவஸ்கந்தகிரி முருகன் கோவில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது, எழுபது வயது. பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தும் ஆடியவர்கள், பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவும் பகலுமாக வேலை செய்து, வீட்டுக் கடன் கட்டி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பி வைத்தவர்கள். இடையில் முப்பது ஆண்டுகள் உடலை யாரும் கவனிக்கவில்லை. இவர்கள் மறுபடி தொடங்கினால் பலன் உண்டா, எவ்வளவு, எந்த ஆபத்தோடு, எப்படித் தொடங்கினால் அது நிலைக்கும் என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

உடல் எவ்வளவு திருப்பித் தரும்?

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி ஓர் ஆய்வு நடந்தது. கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்துகிறது என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை, ஐம்பது வயதில், மறுபடி அளந்தார்கள். 20 வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதம், 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாக நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்ததும், அந்த 30 ஆண்டுகளில் இழந்த திறன் முழுவதும் திரும்பிவிட்டது. ஐந்து பேர் மட்டுமே என்பதால் இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் வயதின் கணக்கில் நாம் எழுதிவிடும் நலிவில் பெரும்பகுதி, அசையாமல் இருந்ததன் கணக்கில் சேர வேண்டியது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

2018இல் அதே டல்லஸிலிருந்து, பென் லெவின் குழுவிடமிருந்து, இன்னும் வலுவான சான்று வந்தது. பெரிய நோய் இல்லாத, ஆனால் உடற்பயிற்சி செய்யாத, ஐம்பதையொட்டிய வயதினர் 61 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு இரண்டு ஆண்டு, வாரம் நான்கைந்து நாள், முறையாகப் பயிற்சி செய்தது. அவர்களின் உச்ச உழைப்புத் திறன் 18 சதவீதம் கூடியது. இதயத் தசையின் விறைப்பு ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. இதே குழு எழுபதையொட்டிய வயதினரிடம் முன்பு செய்த ஓராண்டு ஆய்வில் உழைப்புத் திறன் கூடியது, ஆனால் இதயத்தின் விறைப்பு இளகவில்லை. ஐம்பதுகளில் இருப்பவர்கள் ‘பென்ஷன் எடுத்த பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதயத்தைவிடத் தசையே நம்பிக்கை தருகிறது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. 1990இல் மரியா ஃபியட்டரோன் குழு, பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்த, சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம்தான் கூடியது. தசை வளர்வதற்கு முன்பே, இருக்கும் தசையை முழுதாக இயக்க நரம்புகள் கற்றுக்கொண்டுவிடுகின்றன. தொடங்கிய ஒரு மாதத்திலேயே படி ஏறுவது எளிதாகிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆயுள் கூடுமா?

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நார்ஃபோக் மாவட்டத்தில் 40 முதல் 79 வயதுடைய 14,599 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்பு அசையாமல் இருந்து, நடுவயதிலோ பின்னரோ அசைவைக் கூட்டிக்கொண்டவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே இதய நோயோ புற்றுநோயோ இருந்தவர்களிடமும் அப்படியே. அதே ஆண்டு அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வெளியான ஆய்வு, 40 முதல் 61 வயதுக்குள் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் 32 முதல் 35 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. இளமையிலிருந்தே விடாமல் செய்தவர்களின் பலனும் ஏறக்குறைய அவ்வளவே.

இவை எல்லாம் பார்த்துப் பதிந்த ஆய்வுகள். மோரிஸின் கால்சட்டைக் கேள்வி இவற்றுக்கும் பொருந்தும். குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தால் படம் சற்று அடக்கமாகிறது. நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் 70 முதல் 77 வயதுடைய 1,567 பேரை ஐந்தாண்டு தொடர்ந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. அறிவுரை மட்டும் பெற்றவர்களும் சும்மா இருந்துவிடவில்லை, அவர்களும் நன்றாகவே நடந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

அமெரிக்காவில் 2014இல் வெளியான ‘லைஃப்’ ஆய்வு ஆயுளை விட்டுவிட்டு நடமாட்டத்தைப் பார்த்தது. 70 முதல் 89 வயதுடைய, நலிந்த, 1,635 பேர். 400 மீட்டர் தூரத்தைத் தாமாக நடந்து கடக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள், உடற்பயிற்சிப் பிரிவில் 30.1 சதவீதம், நலக்கல்வி மட்டும் பெற்ற பிரிவில் 35.5 சதவீதம். வேறுபாடு பிரமாதமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் 400 மீட்டர் என்பது வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ போய் வரும் தூரம். அதைப் பிள்ளைகளின் துணையில்லாமல் கடக்க முடிவதுதான் எண்பது வயதில் சுதந்திரம்.

தெற்காசிய உடலின் தனிக் கணக்கு

பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவைக் கேட்கிறது. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கும் நடை அது. அதோடு இரண்டு நாள் தசை வலுவுக்கும், 65ஐத் தாண்டியவர்களுக்கு உடற்சமநிலைக்கும் பயிற்சி வேண்டும்.

நம்மவர்க்கு 150 போதுமா என்பதில் ஐயம் இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வு ஒன்று, வெள்ளையின ஆண்கள் 150 நிமிடத்தில் பெறும் சர்க்கரை, கொழுப்பு அளவுகளைத் தெற்காசிய ஆண்கள் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 232 நிமிடம் தேவைப்படும் என்று மதிப்பிட்டது. சுமார் இருநூறு பேரை மட்டுமே வைத்துச் செய்த கணக்கு அது. இலக்காகப் பிடித்துக்கொண்டு மிரளத் தேவையில்லை. ஆனால் திசை சரியானது. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக, இன்னும் இளவயதிலேயே, இன்னும் குறைந்த எடையிலேயே வருகிறது. அதனால்தான் எடைக் குறியீட்டில் எச்சரிக்கைக் கோட்டைத் தெற்காசியருக்கு 25இலிருந்து 23க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த அபாயத்தை அசைவால் தடுக்க முடியும் என்பதற்கு மிக நல்ல சான்று சென்னையில் கிடைத்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிச் சுமார் இரண்டரை ஆண்டு தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டது. பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. நடையும் மாத்திரையும் சேர்ந்தபோதும் அதற்கு மேல் இறங்கவில்லை. நம் ஊரில், நம் சாப்பாட்டோடு, ஒரு மாத்திரைக்கு ஈடாக நின்ற நடை இது. பங்கேற்றவர்களின் சராசரி வயது நாற்பதுகளின் நடுப்பகுதி.

முழங்காலும் விழுதலும்

‘நடக்கச் சொன்னால் முழங்கால் விடாது’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில். மூட்டுத் தேய்மானத்துக்கு ஓய்வே மருந்து என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் இதற்கு நேரெதிர்: வலி எவ்வளவு இருந்தாலும் தசை வலுப் பயிற்சியே முதல் சிகிச்சை. லண்டனிலேயே, மைக் ஹர்லி என்ற இயன்முறை மருத்துவப் பேராசிரியரின் குழு, நெடுநாள் முழங்கால் வலி உள்ள 418 பேரிடம் ஆறு வாரத்தில் 12 குழு வகுப்புகளைச் சோதித்து, வழக்கமான சிகிச்சையைவிட நடமாட்டம் நன்றாக மேம்படுவதை 2007இல் காட்டியது. ‘எஸ்கேப் பெயின்’ என்ற பெயரில் அந்த வகுப்புகள் பின்னர் நாடு முழுக்கப் பரவின.

விழுதல் இன்னொரு பெருங்கவலை. 65 வயதைத் தாண்டியவர்களில் மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். 2019இல் 108 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்டவர்களின் தரவோடு, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைப்பது தெரிந்தது. பலன் தந்தவை சமநிலைப் பயிற்சிகளும், நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அன்றாடச் செயல்களை ஒட்டிய பயிற்சிகளும். நடை மட்டும் விழுதலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நம்மவர்கள் உடற்பயிற்சி என்றாலே நடையை மட்டும் நினைப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேசிலில் கிளாடியோ அராஜோ குழு 51 முதல் 80 வயதுடைய 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் புள்ளியிட்டது. கை, முழங்கால் ஊன்றாமல் எழ முடிந்தவர்களைவிட, பல இடத்தில் ஊன்றியே எழ முடிந்தவர்களின் இறப்பு விகிதம் அடுத்த சில ஆண்டுகளில் மிக அதிகமாக இருந்தது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட, விழுந்து கும்பிட்ட, பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்ட சமூகத்துக்கு இந்தச் சோதனை அந்நியமானதன்று. சோபாவும் நாற்காலியும் வந்த பிறகு அந்த அசைவுகள் நம் நாளிலிருந்து ஓசையில்லாமல் கழன்று போயின. முழங்கால் அனுமதித்தால், நாற்காலியின் முதுகைப் பிடித்து அரைத் தோப்புக்கரணம் போடுவது இயன்முறை மருத்துவர்கள் கொடுக்கும் கால் வலுப் பயிற்சிக்கு மிக அருகில் வருவது.

மனத்தின் பக்கம்

போரையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள், பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போன பின் தனித்திருப்பவர்கள், துணையை இழந்தவர்கள். இவர்களிடம் உடலைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட 156 பேரை மூன்றாகப் பிரித்து ஆய்ந்தார்கள்: ஒரு பிரிவுக்குக் குழுவாக நடையும் மெல்லோட்டமும், ஒரு பிரிவுக்கு மருந்து, ஒரு பிரிவுக்கு இரண்டும். மருந்து சற்று வேகமாகப் பிடித்தது. 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. 1999இல் வெளியான இந்த முடிவைப் பின்னாளில் 218 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டுக் கட்டுரையும் பொதுவாக ஆதரித்தது. நடை, யோகா, வலுப் பயிற்சி மூன்றும் நல்ல பலன் தந்தவற்றில் அடங்கும். மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூளையிலும் மாற்றம் தெரிகிறது. 55 முதல் 80 வயதுடைய 120 பேரில் பாதிப் பேர் ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் நடந்தார்கள். நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவர்களிடம் 2 சதவீதம் பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அது 1.4 சதவீதம் சுருங்கியது.

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் வாழ்ந்த ஃபௌஜா சிங்கின் கதை இங்கே நினைவுக்கு வரும். பஞ்சாபில் மனைவியையும், பின் 1994இல் கண்ணெதிரே மகனையும் இழந்து, இங்கிலாந்தில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவர். துயரத்திலிருந்து வெளியேற ஓடத் தொடங்கினார். 2000இல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தபோது அவருடைய கடவுச்சீட்டுப்படி வயது 89. 2011இல் டொராண்டோவில் நூறு வயதில் மாரத்தானை முடித்தார். 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் வாகனம் மோதி மறைந்தார். தனியாக ஓடிக்கொண்டிருந்தவரை மாரத்தானுக்குக் கொண்டுபோனது இல்ஃபோர்டில் கிடைத்த பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கும் அவரைச் சூழ்ந்த ஓட்டக் குழுவும்.

எங்கே ஆபத்து?

மறைக்காமல் சொல்ல வேண்டிய எண் ஒன்று உண்டு. 1993இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் நடந்த ஆய்வின்படி, வழக்கமாக உடலை அசைக்காதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மாரடைப்பு அபாயம் 107 மடங்கு ஏறுகிறது. வாரம் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவருக்கு அது 2.4 மடங்கு மட்டுமே. ஒரு மணி நேரத்துக்கான அடிப்படை அபாயம் மிகச் சிறியது என்பதால் 107 என்பது ஒருவரை வீட்டில் முடக்க வேண்டிய எண்ணன்று. ஆனால் இருபது ஆண்டுகளாக மட்டையைத் தொடாதவர் பழைய மாணவர் சங்கப் போட்டியில் ஒரே மூச்சில் ஓட்டங்கள் எடுக்க முனைவது ஏன் தவறு என்று அது சொல்கிறது.

அதனால் முறை எளியது. முதல் சில வாரம் நேரத்தைக் கூட்ட வேண்டும், பிறகு வேகத்தை. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சர்க்கரை இறங்குவதைக் கவனித்து, சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சப்பாத்தைப் பார்த்து வாங்கி, நடந்து வந்ததும் பாதத்தைச் சோதிக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். 40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை தரும் இலவச உடற்சோதனை, தொடங்குமுன் போய் வர நல்ல இடம்.

தோர்ண்டன் ஹீத்தின் தடைகள்

இடம் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஹை ஸ்ட்ரீட்டில் நீச்சல் குளத்தோடு பொழுதுபோக்கு மையம். ரெக்ரியேஷன் கிரவுண்ட் என்ற சமதளப் புல்வெளி. பழைய காட்டின் எச்சமான ஓக் மரங்கள் நிற்கும் கிரேஞ்ச்வுட் பார்க். அதன் ஏற்றம் மெதுவாக நடப்பவரையும் மூச்சு வாங்க வைக்கும். ரயில் நிலையத்திலிருந்து பிரிக்ஸ்டாக் ரோடு வழியாகப் பாண்ட் வரை நடந்தால் ஏறத்தாழ கால்மணி நேரம். தைவானில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒன்றும் செய்யாதவர்களைவிட நாளுக்கு வெறும் 15 நிமிடம் அசைந்தவர்களின் இறப்பு விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது.

அப்படியானால் தடுப்பது எது? முதலில் வானிலை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இருட்டில், குளிரில், ஈர இலைகள் வழுக்கும் நடைபாதையில் ஓர் அறுபது வயதுப் பெண் தனியே நடக்கத் தயங்குவது முழு நியாயம். அடுத்தது வேலை. பன்னிரண்டு மணி நேரம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவருக்குக் கால் வலிக்கிறது, ஆனால் இதயத்துக்குத் தேவையான அசைவு கிடைக்கவில்லை. நின்ற களைப்பை உடற்பயிற்சி செய்த களைப்பாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

பெண்களுக்குத் தடைகள் இன்னும் கூடுதல். மகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் மூன்று வேளைச் சமையலும் அவர்களின் நாளை அறுத்துத் துண்டாக்குகின்றன. ஆண்கள் சூழ்ந்த ஜிம்மில், பழக்கமில்லாத உடையில், புரியாத ஆங்கில அறிவிப்புகளுக்கு நடுவே நிற்க அவர்கள் விரும்புவதில்லை. ‘இந்த வயதில் இது தேவையா’ என்ற உறவினரின் ஒரு கேள்வி போதும், வாங்கி வைத்த சப்பாத்து அலமாரிக்குள் போய்விடும்.

எது நிலைக்க வைக்கிறது?

தொடங்குபவர்களில் பலர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே எந்தப் பயிற்சி சிறந்தது என்பதைவிட எந்த ஏற்பாட்டில் மக்கள் நீடிக்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. 2015இல் நடைக் குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தமும் உடற்கொழுப்பும் மனச்சோர்வும் குறைந்ததோடு, சேர்ந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விடாமல் தொடர்ந்தது தெரிந்தது. மருந்து எழுதிக் கொடுத்தாலே பாதிப் பேர் ஒழுங்காக எடுக்காத உலகில் இது பெரிய எண்.

லண்டனுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2004 அக்டோபரில் டெடிங்டனில் உள்ள புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் தொடங்கியது பார்க்ரன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தே முடித்தாலும் வரவேற்பு. எப்போதும் தொண்டர் ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதால் யாரும் கடைசியாக வந்துவிட்டோமே என்று கூச வேண்டியதில்லை. குரோய்டனின் லாய்ட் பார்க்கிலும் அது நடக்கிறது.

நினைவூட்டலுக்கே எவ்வளவு பலம் என்பதை ராமச்சந்திரன் குழு 2013இல் இன்னோர் ஆய்வில் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்ற 537 இந்திய ஆண்களில் பாதிப் பேருக்கு நடை, உணவு பற்றிய குறுஞ்செய்திகள் கைபேசிக்குத் தொடர்ந்து வந்தன. இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அன்றைய நடைக்கும் அதில் இடம் உண்டு.

கண்ணால் காணும் முன்மாதிரியும் தயக்கத்தைக் கரைக்கிறது. முல்லைத்தீவின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். தமிழ்நாட்டில் 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் காயம்பட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தார். 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அரசு தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்தது அவருடைய முனைப்பு. முள்ளியவளைப் பெண்மணி பதக்கத்தோடு நிற்கும் படத்தைக் கைபேசியில் பார்த்த லண்டன் அம்மாவுக்கு, ‘இந்த வயதில் தேவையா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

நம் கையில் இருப்பவை

இவ்வளவு சான்றையும் சேர்த்துப் பார்த்தால், உடல் தயாராக இருக்கிறது. இல்லாதது குறித்த நேரமும் கூட வரும் ஆளும். இவ்விரண்டையும் ஏற்படுத்தித் தரும் ஆற்றல் தமிழ்ச் சமூகத்தின் அமைப்புகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உள்ளே தமிழும் பரதமும் மிருதங்கமும் கற்கும்போது, பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் காரிலும் வராந்தாவிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிட்டது, துணை கூடவே இருக்கிறது, மொழித் தடை இல்லை. அதில் ஒரு மணி நேரம் அருகிலுள்ள பூங்காவைச் சுற்றி நடந்தால் வாரத்தின் 150 நிமிடத்தில் 60 நிமிடம் முடிந்துவிடும். மழை நாளில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி செய்யலாம்.

கோவில்களுக்கு மண்டபம் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி தவறாமல் வரும் முதியவர்கள் இருக்கிறார்கள். பூசைக்கு முன் அரைமணி நேரம், நாற்காலியிலிருந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குதிகால் உயர்த்துதல் ஆகிய மூன்றை மட்டும் செய்தாலும் வாரம் இரண்டு நாள் வலுவும் சமநிலையும் என்ற வழிகாட்டுதல் நிறைவேறும். பெண்கள் சேலையிலோ சுரிதாரிலோ வந்தபடியே செய்யக்கூடியவை அவை. பொதுச் சுகாதாரச் சேவையில் வேலை செய்யும் தமிழ் மருத்துவர்களும் தாதியரும் இயன்முறை மருத்துவர்களும் பகுதியெங்கும் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஒருவர் வந்து முறையைச் சரிபார்த்தால் போதும். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் நடத்தும் விளையாட்டு விழாக்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கிளித்தட்டோ நடைப் போட்டியோ வைத்தால், அந்த நாளுக்காக மூன்று மாதம் முன்பிருந்தே தயாராக ஒரு காரணம் பிறக்கும்.

கவுன்சிலிடம் கேட்க வேண்டியவையும் உண்டு: குளிர்காலத்தில் பூங்காப் பாதைகளுக்கு விளக்கு, பொழுதுபோக்கு மையத்தில் பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரம், தமிழில் அறிவிப்பு. லண்டனில் 60 வயதில் கிடைக்கும் இலவசப் பஸ் பாஸைப் பாதுகாப்பதும் இதில் அடங்கும். பாஸ் வந்தால் நடை குறைந்துவிடும் என்று தோன்றலாம். இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் தேசியப் பயணக் கணக்கெடுப்பை அலசி 2012இல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ் வைத்திருக்கும் முதியவர்களே அதிகம் நடப்பது தெரிந்தது. பாஸ் கிடைத்தவர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார், கிளம்பியவர் நிறுத்தம்வரை நடக்கிறார்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம். தமிழ்ப் பள்ளியின் அடுத்த தவணை அட்டவணையில், பிள்ளைகளின் வகுப்புகளுக்குக் கீழே பெரியவர்களின் நடைக்கும் ஒரு வரி சேர்த்து, அதை நடத்தும் பொறுப்பை இரண்டு பெயர்களிடம் கொடுத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும்.